பழைய கேமராவுக்கு என்ன விலை?

டிஜிட்டல் கேமரா பார்வைக்கு ஒரே பொருளாகத் தெரிந்தாலும், லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமராக்களைப் பொறுத்தவரை அது வெவ்வேறு வேகத்தில் மூப்படையும் இரண்டு பொருள்களின் சேர்க்கையாகும். ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரும், அந்தப் பதிவைப் படமாக மாற்றும் கணினிச் சில்லும் அடங்கிய பகுதியைத் தொழிலில் இருப்பவர்கள் ‘பாடி’ என்பார்கள். ஒளியைத் திரட்டிச் சென்சாரின் மேல் குவிக்கும் கண்ணாடித் தொகுதி லென்ஸ். பாடி ஒரு மின்னணுக் கருவி என்பதால், அதைவிட மேலான ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் அதன் விலை இறங்குகிறது. லென்ஸோ, ஈரமும் அடியும் படாமல் காக்கப்பட்டால், இருபது ஆண்டுகள் கழித்தும் புதிதில் தந்த அதே தெளிவைத் தரக்கூடியது. பழைய கேமராவை விற்று மேலான கருவி வாங்க நினைப்பவர்களில் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பாடி, லென்ஸ், பை, சார்ஜர் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கொடுத்துவிட்டு, கிடைத்த தொகையோடு பெரும் பணத்தைச் சேர்த்துப் புதிய பாடி வாங்குகிறார்கள். அதனுடன் வரும் சாதாரண லென்ஸ் பழைய படங்களையே மறுபடியும் எடுத்துத் தரும்போதுதான், விற்றது எது, வாங்கியது எது என்ற கேள்வி எழுகிறது.

பாடியின் மதிப்பு எவ்வளவு விரைவாகக் கரைந்தது என்பதை அதன் வரலாறே காட்டுகிறது. 1999இல் நிக்கான் வெளியிட்ட டி1 என்னும் கேமரா, ஏறத்தாழ 27 லட்சம் பிக்சல்களை, அதாவது படத்தின் 27 லட்சம் நுண்புள்ளிகளை மட்டுமே பதிவுசெய்தது என்றாலும், பத்திரிகை நிறுவனங்கள் அதை 5,000 டாலர் அளவில் விலை கொடுத்து வாங்கின. நான்கே ஆண்டுகளில், 2003இல், கேனன் நிறுவனம் 63 லட்சம் பிக்சல் கொண்ட இஓஎஸ் 300டி கேமராவை 1,000 டாலருக்கும் குறைந்த விலையில் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தபோது, டி1 வைத்திருந்தவரின் முதலீட்டுக்கு என்ன ஆயிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை. 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2 இரண்டு கோடிப் பிக்சல்களைத் தாண்டியதோடு முழு உயர்தெளிவு வீடியோவையும் பதிவுசெய்தது. ஏறக்குறைய அந்தக் கட்டத்திலிருந்து நிலைமை மாறத் தொடங்கியது. செய்தித்தாளில் அச்சிடவும், திருமண ஆல்பம் செய்யவும், சுவரில் மாட்டும் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கவும் இரண்டு கோடிப் பிக்சல் தாராளமாகப் போதும் என்பதால், அதற்குப் பின் வந்த பாடிகளின் முன்னேற்றம் பிக்சல் எண்ணிக்கையைவிடக் குறைந்த ஒளியில் படம் கெடாமல் இருப்பதிலும், குவியம் விரைவாகவும் தவறாமலும் விழுவதிலும்தான் இருக்கிறது.

ஆகவே, கையில் இருக்கும் கேமராவை விற்க முடிவுசெய்யும் முன், படங்கள் எந்த இடத்தில் தோற்றுப்போகின்றன என்று பார்ப்பதே முறையான தொடக்கமாக இருக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றுதான்: மண்டபத்துக்குள்ளும் கோயில் பிராகாரத்திலும் மாலை வெளிச்சத்திலும் எடுத்த படங்கள் புள்ளி புள்ளியாகவோ கலங்கியோ விழுகின்றன. குறைந்த ஒளியை ஈடுகட்ட, சென்சாரின் சமிக்ஞையைப் பெருக்கும் அளவான ஐஎஸ்ஓவைக் கேமரா ஏற்றிக்கொண்டே போவதால் அந்தப் புள்ளிகள் தோன்றுகின்றன. இதற்குச் சென்சாரைப் பெரிதாக்குவது ஒரு தீர்வு என்றால், லென்ஸின் துளையைப் பெரிதாக்குவது மற்றொரு தீர்வு. அப்பர்ச்சர் எனப்படும் அந்தத் துளையின் அளவை எஃப் எண்ணால் குறிப்பார்கள். எண் சிறிதாகுந்தோறும் துளை பெரிதாகும், நுழையும் ஒளியின் அளவு அந்த எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் கூடும்.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பல ஆயிரம் ரூபாயைக் காக்கும். தொடக்கநிலைக் கேமராவோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ், 55 மி.மீ. முனையில் எஃப்/5.6 வரை மட்டுமே திறக்கும். 50 மி.மீ. எஃப்/1.8 என்னும் எளிய லென்ஸ், கேனன், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களிடமும் மிக மலிவான லென்ஸ் வகையைச் சேர்ந்தது. 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 9.7 வருகிறது, அதாவது, அந்த மலிவான லென்ஸ் கிட் லென்ஸைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. இதற்கு மாறாக, தொடக்கநிலைக் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரிலிருந்து, 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவான 36க்கு 24 மி.மீ. கொண்ட ஃபுல் ஃபிரேம் சென்சாருக்கு மாறுபவர் பெறுவது என்ன? நிக்கான், சோனி நிறுவனங்களின் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ. என்பதால், பரப்பளவில் கிடைக்கும் ஆதாயம் இரண்டேகால் மடங்குக்குச் சற்றுக் கூடுதல். லட்சத்தைத் தொடும் செலவு இரண்டேகால் மடங்கையும், அதில் சிறு பங்கே ஆகும் செலவு பத்து மடங்கையும் தரும்போது, முதலில் எதைச் செய்ய வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

பெரிய துளைக்கு விலையும் உண்டு. துளை விரியும்போது குவியம் விழும் ஆழம் குறைவதால், மணமேடையில் மூன்று வரிசையாக நிற்கும் உறவினர்களை எஃப்/1.8இல் எடுத்தால் ஒரு வரிசை மட்டுமே தெளிவாக இருக்கும்; அங்கே ஃபிளாஷ்தான் உதவும். அதேபோல், பறவைகளையோ ஓடியாடும் குழந்தைகளையோ எடுப்பவரின் குறை குவியம் தவறுவதில் இருந்தால், லென்ஸை மட்டும் மாற்றுவதால் பெரிய பயன் விளையாது. அவர்களுக்குப் புதிய பாடி உண்மையிலேயே தேவைப்படுகிறது. அப்படித் தேவைப்படுகிறவர்கள் இன்று பழையதை விற்கும்போது எதிர்கொள்ளும் சூழல், பத்தாண்டுக்கு முன்பிருந்ததிலிருந்து முற்றிலும் வேறானது.

டிஎஸ்எல்ஆர் கேமராவில், லென்ஸ் வழியாக வரும் ஒளியைக் காண்துளைக்குத் திருப்புவதற்காக, சென்சாருக்கு முன்னால் சாய்ந்த கண்ணாடி ஒன்று இருக்கும். பொத்தானை அழுத்தும் கணத்தில் அது மேலே எழுந்து ஒளிக்கு வழிவிடும். அந்தக் கண்ணாடி எழுந்து இறங்க இடம் வேண்டியிருந்ததால், லென்ஸைப் பொருத்தும் வளையமான மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே நிக்கானின் எஃப் மவுண்ட்டில் 46.5 மி.மீ. தூரமும், கேனனின் இஎஃப் மவுண்ட்டில் 44 மி.மீ. தூரமும் விடப்பட்டிருந்தன. முன்னது 1959இலும் பின்னது 1987இலும் அறிமுகமாகி, மூன்று தலைமுறைப் புகைப்படக்காரர்களின் லென்ஸ்கள் இவ்விரு வளையங்களைச் சுற்றியே சேர்ந்தன. கண்ணாடியை அறவே நீக்கி, சென்சார் காண்பதை நேரடியாகச் சிறு திரையில் காட்டும் மிரர்லெஸ் கேமராக்கள் 2008 முதல் சந்தைக்கு வந்தாலும், 2013இல் சோனி ஃபுல் ஃபிரேம் சென்சாரோடு ஏ7ஐ வெளியிட்ட பிறகே தொழில்முறையாளர்கள் அவற்றைப் பொருட்படுத்தத் தொடங்கினர். 2018இல் நிக்கான் 16 மி.மீ. தூரம் கொண்ட இசட் மவுண்ட்டையும், கேனன் 20 மி.மீ. தூரம் கொண்ட ஆர்எஃப் மவுண்ட்டையும் அறிவித்தபோது, பழைய வளையங்களின் காலம் முடியப்போவது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சென்சாரே குவியத்தையும் கணிப்பதால், சட்டத்துக்குள் எங்கே மனிதக் கண் இருக்கிறது என்று தேடி அதைத் தொடரும் ஆற்றல் இக்கேமராக்களுக்கு வந்தது. அந்த வசதிக்குப் பழகியவர்கள் திரும்பிச் செல்லவில்லை.

தூரம் குறைந்ததால் ஒரு நன்மையும் விளைந்தது. பழைய லென்ஸுக்கும் புதிய பாடிக்கும் இடையில் குறையும் தூரத்தை, நிக்கானில் 30.5 மி.மீ., கேனனில் 24 மி.மீ., ஓர் உள்ளீடற்ற குழாயால் நிரப்பிவிட்டால் பழைய லென்ஸ் முன்போலவே குவியும். அடாப்டர் என்னும் அந்தக் குழாயை இரு நிறுவனங்களுமே விற்கின்றன. கேனனின் இஎஃப் லென்ஸ்கள் அதில் தானியங்கிக் குவியத்தோடு நன்றாக இயங்குகின்றன. நிக்கானில் ஒரு சிக்கல் உண்டு: ஏஎஃப்-டி வகை லென்ஸ்களில் மோட்டார் இல்லை, பாடியிலிருந்து நீளும் திருகுத் தண்டே அவற்றைச் சுழற்றிக் குவித்தது. எஃப்டிஇசட் அடாப்டரில் அந்தத் தண்டு இல்லாததால் அவற்றைக் கையால்தான் குவிக்க வேண்டும். விற்பவர் தம்மிடமுள்ள லென்ஸ் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் இதுதான். மோட்டார் உள்ள லென்ஸை வைத்துக்கொண்டு பாடியை மட்டும் விற்பது பெரும்பாலும் புத்திசாலித்தனம். மோட்டார் இல்லாத லென்ஸை, டிஎஸ்எல்ஆர் பயன்படுத்துவோர் எண்ணிக்கை இன்னும் கணிசமாக இருக்கும்போதே அதே பாடியோடு சேர்த்து விற்பது நல்லது.

அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி, சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை 2010இல் 12 கோடிக்கு மேல் இருந்தது, செல்பேசியின் எழுச்சியால் 2023இல் 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. மிரர்லெஸ் கேமராக்கள் 2020இல் எண்ணிக்கையில் டிஎஸ்எல்ஆரை முந்தின. அதே ஆண்டில் வெளியான நிக்கான் டி6, கேனன் 1டி எக்ஸ் மார்க் 3 ஆகியவற்றுக்குப் பிறகு அவ்விரு நிறுவனங்களும் உச்சநிலை டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. லென்ஸ் விலை குறையாது என்ற பழைய நம்பிக்கையை இந்த மாற்றம் ஓரளவு அசைத்துவிட்டது. இன்னும் இரண்டாண்டு பொறுத்தால் டிஎஸ்எல்ஆருக்கு நல்ல விலை வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆனால், இதே சரிவு சிறிய ஊர்களின் இளம் புகைப்படக்காரர்களுக்கு ஒரு கதவைத் திறந்திருக்கிறது. முன்பு எட்டாத உயரத்தில் இருந்த நிக்கான் டி750, கேனன் 5டி மார்க் 3 போன்ற ஃபுல் ஃபிரேம் பாடிகள் செகண்ட் ஹேண்டாகத் தொடக்கநிலை மிரர்லெஸ் கேமராவின் விலையிலேயே கிடைக்கும் காலம் இது. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரை விற்று, இருக்கும் ஃபுல் ஃபிரேம் லென்ஸ்களையே பயன்படுத்தும் வகையில் இவற்றில் ஒன்றை வாங்குவது, புதிதென்ற ஒரே காரணத்துக்காகச் சிறிய மிரர்லெஸ் ஒன்றை வாங்குவதைவிடப் பல வேளைகளில் பெரிய முன்னேற்றமாக அமையும். மலிவு என்பதால் இதை யாரும் இரண்டாந்தரத் தேர்வாக நினைக்க வேண்டியதில்லை.

விலை எப்போதும் இறங்கத்தான் செய்யும் என்பதற்கு விதிவிலக்குகளும் இருக்கின்றன. 2020இல் வெளிவந்த ஃபியூஜிஃபில்மின் எக்ஸ்100வி, சமூக ஊடகங்களில் இளைஞர்களின் ஆவலைத் தூண்டிய பிறகு, தேவைக்குத் தக்க உற்பத்தி இல்லாததால் பழையதே புதியதன் விலையைத் தாண்டி விற்றது. 2024இல் அடுத்த வடிவம் அறிவிக்கப்படும்வரை அந்த நிலை நீடித்தது.

பொதுவான பழைய கேமராவின் விலையை நிர்ணயிப்பது வயதும் மாடலும் மட்டுமல்ல. வாங்குபவரின் அச்சத்துக்கும் அதில் பெரிய பங்குண்டு. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்கொண்டு இதை விளக்கினார். பொருளின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவான ஒரு விலையையே தர முன்வருகிறார். அந்த விலைக்குத் தர மனமில்லாமல் நல்ல பொருளை வைத்திருப்பவர்கள் விலகிக்கொள்ள, சந்தையில் பழுதுள்ளவை மிஞ்சுகின்றன. 2001இல் அவருக்கு நோபல் நினைவுப் பரிசு கிடைப்பதற்குக் காரணமான ஆய்வில் இது முதன்மையானது. கேமரா விற்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் வழி தெளிவானது. தம் பொருள் நல்லது என்று வாயால் சொல்வதில் பயனில்லை. வாங்குபவர் தாமே பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஆதாரத்தை முன்வைத்தால் அச்சத்துக்காகக் கழிக்கப்படும் தொகை அவர் கைக்கு வரும்.

அத்தகைய ஆதாரங்களில் முதலில் கேட்கப்படுவது ஷட்டர் கவுண்ட். சென்சாருக்கு முன்னிருக்கும் திரை ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடுவதால் தேயும் உறுப்பு அது. இதுவரை எத்தனை முறை திறந்தது என்பதே அந்த எண். நிறுவனங்கள் சோதித்து அறிவிக்கும் ஆயுள் மாடலுக்கு மாடல் வேறுபடும்: கேனன் 5டி மார்க் 3க்கு 1,50,000, நிக்கான் டி850க்கு 2,00,000, உச்சநிலைக் கேமராக்களுக்கு 4,00,000 என்பது போல. அந்த எண்ணைத் தாண்டியதும் கேமரா நின்றுவிடும் என்பதில்லை. தாண்டியும் நெடுநாள் உழைத்தவை உண்டு. நிக்கான் கேமராவில் எடுத்த படக்கோப்பிலேயே இந்த எண் பதிவாகியிருக்கும். கேனனின் பெரும்பாலான மாடல்களில் கேமராவைக் கணினியோடு இணைத்துத் தனி மென்பொருளால்தான் படிக்க வேண்டும். திருமணங்களை எடுத்த கேமரா ஓராண்டிலேயே, வீட்டில் பயன்பட்ட கேமரா பத்தாண்டில் எட்டாத எண்ணை எட்டிவிடுவதால், வாங்கிய தேதியைவிட இந்த எண்ணையே கடைக்காரர்கள் நம்புகிறார்கள். மிரர்லெஸ் கேமராக்களில் திரை அசையாமல் சென்சாரே பதிவைத் தொடங்கி முடிக்கும் மின்னணு ஷட்டரும் இருப்பதால் இந்த அளவுகோலின் மதிப்பு குறைந்துவருகிறது. 2021இல் வந்த நிக்கான் இசட்9இல் இயந்திர ஷட்டரே கிடையாது.

சென்சாரைச் சோதிப்பது எளிது. துளையை எஃப்/16க்குச் சுருக்கி, குவியத்தைக் கலைத்து, வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ எடுத்தால், சென்சார் மேல் படிந்த தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். மூடியைப் போட்டு நீண்ட நேரப் பதிவு ஒன்று எடுத்தால், பழுதான பிக்சல்கள் கறுப்பில் ஒளிரும் நிறப்புள்ளிகளாகக் காட்டிக்கொடுக்கும். இந்த இரு படங்களையும் எடுத்து விளம்பரத்தோடு சேர்த்து வைக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேச வருபவருக்குப் பிடி கிடைப்பது அரிது.

லென்ஸைப் பொறுத்தவரை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பெரும் பகை ஈரம்தான். காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நிலைக்கும்போது, இருட்டான பைக்குள் கிடக்கும் லென்ஸின் உட்கண்ணாடிகளில் பூஞ்சை இழைபோலப் படரத் தொடங்குகிறது. ‘ஃபங்கஸ் விழுந்திருக்கிறது’ என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி இந்த அளவைத் தாண்டியே இருப்பதால், பயன்படுத்தாமல் பீரோவில் பூட்டி வைத்த லென்ஸே அதிகம் கெடுகிறது. பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால், பிற்பாடு திறந்து துடைத்தாலும் தடம் போகாது. துளையை முழுதாகத் திறந்து, ஒரு பக்கமிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி மறுபக்கம் பார்த்தால் சிறு இழையும் தெரியும். வாங்க வருபவர் இதைச் செய்யாமல் இருக்கமாட்டார் என்பதால், விற்பவர் முன்கூட்டியே செய்து, இழை இருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நேர்மையும் ஆகும், நேர மிச்சமும் ஆகும். விற்கப் பல மாதங்கள் இருக்குமானால், காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் வைத்து 40 முதல் 50 சதவீதத்துக்குள் ஈரப்பதத்தைக் காப்பதே லென்ஸின் விலையைக் காக்கும் மலிவான வழி.

விற்கும் இடத்தைத் தேர்வதில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு. கடையில் எக்ஸ்சேஞ்சாகக் கொடுத்தால் தொல்லை இல்லை. கடைக்காரர் அதை மறுபடியும் விற்றுத் தம் ஆதாயத்தையும் பழுது ஏற்படும் வாய்ப்பையும் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் கிடைக்கும் தொகை குறைவாக இருக்கும். பழைய பொருள் வணிகர், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் வரி செலுத்த ஜிஎஸ்டி விதிகள் இடமளிக்கின்றன. தம் சொந்தக் கேமராவை விற்கும் தனிமனிதர் வரி வசூலிக்க வேண்டியதில்லை. நேரடியாக விற்பவருக்குக் கூடுதல் தொகை கிடைக்கும். அலைச்சலும் எச்சரிக்கையும் அவர் பொறுப்பு. பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடச் சொல்லும் ஏமாற்றுக்காரர்கள் விற்பவர்களையே குறிவைக்கிறார்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு எந்த எண்ணையும் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால் அது பணம் பறிக்கும் முயற்சி. காலத்தையும் கவனிக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் முகூர்த்தங்கள் இல்லாததால், அவை முடியும் தறுவாயில், தையும் ஆவணியும் நெருங்கும்போது, திருமணம் எடுப்பவர்கள் கருவி தேடுவது இயல்பு. அதே மாடலின் அடுத்த வடிவம் அறிவிக்கப்படப்போகிறது என்ற பேச்சு எழுந்தால், அறிவிப்புக்கு முன்பே விற்றுவிடுவது நல்லது.

புதிய கருவியின் விலைச்சீட்டில் தெரியாத செலவுகளையும் விற்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டி 2019 தொடக்கத்தில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டிருந்தாலும், உயர்நிலை மிரர்லெஸ் பாடிகள் சில, பழைய எஸ்டி அட்டையைவிடப் பன்மடங்கு விலையுள்ள சிஎஃப்எக்ஸ்பிரஸ் அட்டையைக் கேட்கின்றன. திரையும் சென்சாரும் இடைவிடாமல் இயங்குவதால் மிரர்லெஸ் கேமராவின் பேட்டரி டிஎஸ்எல்ஆரை விட விரைவில் தீரும். உபரிப் பேட்டரி வாங்கியே ஆக வேண்டும். நான்கரைக் கோடிப் பிக்சல் கொண்ட கேமராவின் ரா கோப்புகளைத் திறக்கப் பழைய மடிக்கணினி திணறினால், கேமராவுக்கு வைத்திருந்த பணம் கணினிக்குப் போய்ச் சேரும்.

கேமராவை ஒப்படைப்பதற்கு முன் அதன் நினைவையும் துடைக்க வேண்டும். மெமரி கார்டை விரைவு ஃபார்மேட் செய்தால் கோப்புகளின் பட்டியல் மட்டுமே அழிகிறது, படங்கள் அப்படியே கிடக்கின்றன. மீட்பு மென்பொருள் எதனாலும் அவற்றைத் திரும்ப எடுக்க முடியும் என்பதால், குடும்பப் படங்கள் பதிந்த அட்டையைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பாடிக்குள் சேமித்த வைஃபை கடவுச்சொல், ஒவ்வொரு படத்திலும் பதியும் உரிமையாளர் பெயர், செல்பேசியுடனான இணைப்பு ஆகியவற்றைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பி நீக்க வேண்டும். சில மாடல்களில் பதிப்புரிமைப் பெயர் அப்போதும் தங்கிவிடுவதால் அதைத் தனியே பார்க்க வேண்டும். அசல் பில், பெட்டி, உத்தரவாத அட்டை இருந்தால் விலை உயரும். கூடவே, இந்தியாவில் முறைப்படி விற்கப்பட்டதா, உத்தரவாதம் இல்லாமல் கிரே மார்க்கெட் வழியாக வந்ததா என்பதற்கும் அவையே சான்று. திருட்டுப் பொருளை அறிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்கீழ்க் குற்றம் என்பதால், கவனமான வாங்குபவர் பில்லைக் கேட்கத்தான் செய்வார். பாடியின் அடியிலும் லென்ஸின் வளையத்திலும் உள்ள வரிசை எண்கள், விலை, தேதி, இருவர் கையொப்பம் ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டால், பின்னொரு நாள் அந்தக் கேமரா யார் கையில் எதற்குப் பயன்பட்டாலும் விற்றவருக்கு அது காப்பாக இருக்கும்.